அப்பு கர் ஆட்கள்

டில்லியில் 1980-களிலும் 90-களிலும் குழந்தை வளர்த்த தமிழ்க் குடும்பம் எதையும் கேட்டுப் பாருங்கள். வீட்டு ஆல்பத்தில் அப்பு கர் படம் ஒன்றாவது இருக்கும். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் செங்கோட்டை, குதுப் மினார், பிர்லா மந்திர், நம் மலை மந்திர், கடைசியில் பிள்ளைகளின் நச்சரிப்புக்காக அப்பு கர் என்று ஒரு வரிசை உண்டு. அந்தப் படங்களை இன்று எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பேரப்பிள்ளைகள் ராட்டினத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் சீருடை போட்ட ஓர் ஆள் பாதி தெரிவார். இருக்கையின் கம்பியைச் சாத்துகிற கை மட்டும் சில படங்களில் இருக்கும். அந்தப் பாதி மனிதர்கள் இப்போது வருடத்துக்கு ஒரு முறை கூடுகிறார்கள். கடந்த இரண்டு குளிர்காலங்களிலும் நான் அங்கே போயிருந்தேன்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நான் ரயில்வேக்காரன். ஆனால் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் எலெக்ட்ரிகல் டிப்ளமா, நான் மெக்கானிகல். இருவரும் ஒரு வருட இடைவெளியில் டில்லி வந்து சேர்ந்தோம். எனக்கு ரயில்வே உத்தியோகம் கிடைத்தது. அவர் இரண்டு மூன்று இடங்களில் இருந்துவிட்டு 1986-ல் அப்பு கரில் மின்பிரிவில் சேர்ந்தார். "நீ ஊருக்குப் போகிற ரயில் ஓட்டு, நான் ஊருக்கே போகாத ரயில் ஓட்டுகிறேன்" என்பார். வடக்கத்திச் சகாக்கள் அவரை முதலில் 'மதராசி பாபு' என்றுதான் கூப்பிட்டார்கள். கமல்ஹாசனின் 'அபூர்வ சகோதரர்கள்' இந்தியில் 'அப்பு ராஜா' என்று வந்த பிறகு அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்தக் கூட்டத்தில் அவர் அப்பு ராஜாதான்.

அப்பு என்ற பெயரே நம் பக்கத்துப் பெயர் என்பதில் அந்த நாளில் நமக்கெல்லாம் ஒரு சின்னப் பெருமை இருந்தது. 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை இங்கே நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னம் அந்த யானைக்குட்டி. சின்னத்துக்கு உயிர்கொடுத்த நிஜ யானைக்குட்டி கேரளத்திலிருந்து வந்த குட்டிநாராயணன். பிற்பாடு அது கால் ஒடிந்து வெகுநாள் கஷ்டப்பட்டு, 2005-ல் குருவாயூர் தேவஸ்வத்தின் யானைக் கொட்டடியில் இறந்தது. பிரகதி மைதானத்தில் பூங்கா திறந்த நாள் 1984 நவம்பர் 19. ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். தேதியைக் கவனியுங்கள். இந்திராவின் பிறந்த நாள் அது; அவர் சுடப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. நகரத்தின் பல காலனிகளில் எரிந்த வீடுகளின் கரி அப்போது கழுவப்படாமல் இருந்தது. அந்த டில்லியில்தான் நாட்டின் முதல் பெரிய கேளிக்கைப் பூங்கா கதவைத் திறந்தது. முதல் நாட்களிலிருந்து வேலை பார்த்த சர்தார்ஜி மெக்கானிக் ஒருவர் இந்தக் கூட்டத்துக்கு வருகிறார். அந்த நவம்பரைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. "குழந்தைகள் சிரிக்கிற சத்தம் கேட்கிற இடத்தில் வேலை கிடைத்தது, சேர்ந்துகொண்டேன்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

கூடுகிற இடம் சராய் காலே கான் பக்கத்து இந்திரப்பிரஸ்தா பூங்கா. ஜனவரியில் ஒரு ஞாயிறு, வெயில் ஏறிய பிறகு. நாற்பது பேர் வரை வருகிறார்கள். பஞ்சாபி, பிகாரி, கட்வாலி, வங்காளி, ஒரு மலையாளி, நம் நண்பர். பூரி, உருளைக்கிழங்கு, கேரட் அல்வா எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வரும். நண்பரின் மனைவி கொடுத்தனுப்பும் புளியோதரைக்குத்தான் முதலில் பாத்திரம் காலியாகிறது. சாப்பாட்டுக்கு முன் ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் எழுந்து நின்று ஆஜர் எடுப்பார். ஆள் பெயரைக் கூப்பிட மாட்டார். விளையாட்டின் பெயரைத்தான் கூப்பிடுவார். "ஜெயண்ட் வீல்!" என்றால் நான்கு பேர் எழுந்திருப்பார்கள். "கொலம்பஸ்!" என்றால் மூன்று பேர். "டிராகன்!" "டேஷிங் கார்!" "டிக்கெட் கிடக்கி!" என்று போகும். ஒரு பெயருக்கு யாருமே எழுந்திருக்காவிட்டால் சற்று நிறுத்தி, அந்த விளையாட்டை ஓட்டியவர்களில் இறந்துபோனவர் பெயரை அவரே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார். எங்கள் பணிமனை ஓய்வூதியர் கூட்டங்களில் மேடை, மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று இரண்டு மணி நேரம் போய்விடும். இவர்களுடைய ஐந்து நிமிட ஆஜரில் இருக்கிற மரியாதையை நான் அங்கே பார்த்ததில்லை.

அவர்கள் பேசுவதைக் கேட்க எனக்குச் சலிப்பதில்லை. தொழில் ஒற்றுமைதான் காரணம். வெள்ளைக்காரர்கள் ரோலர் கோஸ்டரை முதலில் ரயில்வே என்றுதான் சொன்னார்கள். 1884-ல் அமெரிக்காவில் கோனி ஐலண்டில் லாமார்க்கஸ் தாம்ஸன் போட்ட பாதையின் பெயர் 'ஸ்விட்ச்பேக் ரயில்வே'. அப்பு கர் திறப்பதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால். நம் வண்டிச் சக்கரத்துக்கு உள்பக்கம் விளிம்பு மட்டும் போதும். பாரமே வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கும். கோஸ்டர் மேட்டில் ஏறி விழும்போது பாரம் அற்றுப்போகிற கணம் ஒன்று உண்டு. அதற்காகத் தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடிக்கிறார்கள். அடிச்சக்கரத்துக்கு 1919-ல் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர். சங்கிலி இழுத்து மேலே ஏற்றுகிற கோஸ்டரில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வருமே, பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிற சத்தம், அது பயமுறுத்துவதற்காக வைத்ததன்று. சங்கிலி அறுந்தால் வண்டி பின்னால் உருளாமலிருக்க, படிப்படியாக மாட்டிக்கொண்டே போகிற கொக்கியின் சத்தம். அந்தச் சத்தம் கேட்கிறவரை ஆபத்தில்லை. ஒரே பாதையில் இரண்டு வண்டி விட்டால், முன்வண்டி தன் பிளாக்கைக் காலி செய்யாமல் பின்வண்டி அதில் நுழையக் கூடாது. இதைத்தான் நாங்கள் ரயில்வேயில் வாழ்நாள் முழுவதும் பாராயணம் செய்தோம்.

டேஷிங் கார் நண்பரின் பிரிவு. கூரையில் கம்பிவலை, அதைத் தொட்டுக்கொண்டு காரின் கம்பம், தரை முழுவதும் இரும்புத் தகடு. மேலிருந்து மின்சாரம் இறங்கி, மோட்டார் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, தகடு வழியாகத் திரும்பிப் போகும். பாண்டோகிராப், ஓவர்ஹெட் வயர், தண்டவாளம் வழியே திரும்பும் கரண்ட் என்று நம் மின்சார வண்டியின் அதே கணக்கு. எங்களுடையது 25,000 வோல்ட். அவருடையது தொட்டாலும் ஆளைக் கொல்லாத குறைந்த அழுத்தம். காலையில் தகட்டைத் துடைப்பது பெரிய வேலை என்பார். தூசி படிந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும். நின்ற காரில் இருக்கிற பையன் இறங்கி நடப்பான். மற்ற கார்கள் அவனைப் பார்க்காது. ஆகவே துடைப்பக்காரரின் வேலைதான் அங்கே முதல் பாதுகாப்பு. இது எந்தப் புத்தகத்திலும் பெரிய எழுத்தில் இருக்காது.

ஜெயண்ட் வீல்காரரின் வித்தை இன்னும் நுட்பமானது. ராட்டினத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆள் ஏற்றினால் பாரம் சாய்ந்து, மோட்டாரும் பிரேக்கும் திணறும். அதனால் ஒரு கூண்டில் ஏற்றியதும் பாதிச் சுற்று சுற்றி எதிர்க் கூண்டில் அதே பாரம் ஏற்ற வேண்டும். தராசு கிடையாது, கண்தான் தராசு. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தே இந்தக் குடும்பம் இத்தனை கிலோ, அதற்கு எதிரே அந்த மூன்று கல்லூரிப் பையன்கள் என்று மனத்தில் கூட்டிவிடுவார். "இப்போதும் பஸ்ஸில் ஏறினால் இரண்டு பக்கமும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண் எடைபோடுகிறது. பழக்கம் விடவில்லை" என்றார். சொல்லிவிட்டு என்னையும் நண்பரையும் ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் இருவரும் எதிரெதிர்" என்று தீர்ப்பும் சொன்னார்.

கொலம்பஸ் கப்பலை ஆட்டுவது அடிவயிற்றில் உரசுகிற ரப்பர் டயர் என்பதும், மழை பெய்தால் அது வழுக்கும் என்பதும் எனக்கு அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஒலிபெருக்கி அறையில் இருந்த அம்மாள் ஒருவரும் வருகிறார். நவம்பர் 14 முதல் வர்த்தகக் கண்காட்சி நடக்கிற இரண்டு வாரமும் அவருக்குத் தூக்கம் கிடையாது. கண்காட்சிக்கு வந்த கூட்டமெல்லாம் பக்கத்திலேயே இருந்த அப்பு கருக்குள்ளும் நுழையும். தொலைந்த குழந்தைகள் வந்துகொண்டே இருக்கும். பெயர் கேட்டால் பாதிக் குழந்தை 'பப்பு' என்கும், மீதி 'குட்டு' என்கும். அதனால் அவர் பெயர் கேட்பதை விட்டுவிட்டு, அம்மா என்ன நிறப் புடவை, கையில் என்ன பை என்று கேட்க ஆரம்பித்தாராம். ஒரு முறை நான்கு வயதுப் பெண் குழந்தை எதைக் கேட்டாலும் தமிழிலேயே அழுதது. அப்பு ராஜாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். நண்பர் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்து, "பாப்பா, அம்மா என்ன கலர் புடவை கண்ணு?" என்று கேட்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா புடவை இல்லை, பாட்டிதான்" என்றது. அரை மணியில் ஆர்.கே. புரம் பாட்டி ஒருவர் மடிசாரோடு வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயதை நெருங்கும். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்.

பூங்கா நின்ற நிலம் அரசுடையது. உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கு அது வேண்டியிருந்ததால் 2008 பிப்ரவரியில் அப்பு கர் மூடப்பட்டது. இருபத்து மூன்று வருட ஓட்டம். கடைசி நாளில் பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள் என்று நண்பர் சொல்வார். கூட்டம் போன பிறகு ஒவ்வொரு விளையாட்டையும் ஆளில்லாமல் ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினார்கள். தினமும் காலையில் சோதனைக்காகச் செய்வதுதான். அன்று இரவில் செய்தார்கள். பிறகு நண்பர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, லாக் புத்தகத்தில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஷிப்ட் எடுப்பவர் கையெழுத்துப் போடுகிற கட்டம் காலியாகவே இருந்தது.

இன்று அந்த இடத்தில் நிற்பது உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம். 2019 ஜூலை 17 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். பிரகதி மைதான் என்றிருந்த மெட்ரோ நிலையத்தின் பெயரும் சுப்ரீம் கோர்ட் என்று மாறிவிட்டது. ஆகவே பழைய ஊழியர்கள் தங்கள் பழைய இடத்தில் கூட வேண்டுமானால் வழக்குப் போட்டால்தான் உள்ளே போகலாம் என்று சர்தார்ஜி சிரிப்பார். அமெரிக்காவில் டிஸ்னிலாண்டில் 1955-ல், அது திறந்த வருடத்தில், வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு 'கிளப் 55' என்று தனிப் பெயரே உண்டு. அந்தப் பூங்கா இன்றும் ஓடுகிறது. பழையவர்கள் போய்ப் பார்த்து, நான் நின்ற இடம் இது என்று பேரனுக்குக் காட்டலாம். இவர்களுக்குக் காட்ட ஓர் இடமில்லை. அதனால்தானோ என்னவோ ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மூடிய பிறகு ஆளுக்கொரு திசை. நொய்டாவிலும் ரோகிணியிலும் இருந்த புதிய பூங்காக்களுக்குச் சிலர் போனார்கள். நண்பர் லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சேர்ந்தார். ஒருவர் மால்களில் எஸ்கலேட்டர் பார்த்தார். சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். பத்து வருடம் யாருக்கும் யார் எங்கே என்று தெரியவில்லை. ஒரு மருத்துவமனையில் லிப்ட் பழுது பார்க்கப் போன நண்பர், அங்கே காவலாளியாக நின்ற டிராகன்காரரை அடையாளம் கண்டதில் ஆரம்பித்தது. அவரிடம் இரண்டு பேர் எண் இருந்தது. அந்த இருவரிடம் ஐந்து பேர். இப்படிக் கைப்பேசியில் சேர்ந்ததுதான் நாற்பது.

இதுவரை எழுதியது நினைவுக் கதை. இனிமேல் எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன்.

முதல் வருடம் நான் போயிருந்தபோது ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், ஓரமாக உட்கார்ந்திருந்தார். டேஷிங் காரில் வேலை பார்த்தவரின் மனைவி. கணவர் 1994-ல் சேர்ந்து, மூடும் வரை இருந்தவர்; 2017-ல் ஐம்பத்தோராம் வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இவர் இரண்டு வீட்டில் சமையல் செய்து பெண்ணைப் படிக்க வைக்கிறார். பேச்சுவாக்கில் நண்பர், "பென்ஷன் வருகிறதல்லவா?" என்று கேட்டார். "எங்களுக்கு ஏது பாய் சாஹப் பென்ஷன்? அது சர்க்கார் ஆட்களுக்குத்தானே. பி.எஃப். பணத்தை அவர் அப்போதே வாங்கிவிட்டார்" என்றார் அந்த அம்மாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள்.

எனக்கு ரயில்வே பென்ஷன். இந்த விதிகள் எனக்குப் பாடமில்லை. நண்பருக்குப் பாடம், ஏனென்றால் அவர் தனக்காக ஏற்கெனவே அலைந்து முடித்தவர். விஷயம் இதுதான். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், பி.எஃப். பிடித்த தனியார் ஊழியர்களின் கணக்கில் முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து ஒரு பகுதி தனியாக ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து வருடம் சேவை முடித்தவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. பத்து வருடம் ஆனவர் வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுத்திருக்கலாம், ஓய்வூதியப் பங்கை எடுக்க முடியாது, அது அங்கேயே நிற்கும். வேலையை விட்டபின் ஐம்பத்தெட்டு ஆகுமுன் இறந்துவிட்டாலும், பத்து வருட சேவை இருந்தால் மனைவிக்கு உரிமை உண்டு. 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் என்ன பெரிய தொகை என்று நமக்குத் தோன்றும். அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படித் தோன்றாது.

ஆனால் உரிமை இருந்து என்ன பயன்? இப்போதெல்லாம் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வேலை மாறினாலும் கூடவே வருகிறது. அது வந்தது 2014-ல். 2008-ல் வேலையை விட்டவர்களுக்கு அது கிடையாது. பழைய கணக்கு எண் வேண்டும். நிறுவனத்தின் குறியீட்டு எண், பிறகு ஆளின் வரிசை எண். அந்த அம்மாளிடம் கணவரின் அடையாள அட்டைகூட இல்லை. வீடு மாறியபோது போய்விட்டது.

அங்கேதான் டிக்கெட் கவுண்டர் அம்மாள் கைகொடுத்தார். மற்றவர்களுக்குக் காட்டி மகிழ்வதற்காகத் தன் பழைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் எடுத்து வந்திருந்தார். சீருடைப் பட்டை ஒன்று, கிழிக்காத டிக்கெட் இரண்டு, சகாக்களோடு எடுத்த படங்கள், அவற்றுக்கு நடுவே 1999-ம் வருடத்துச் சம்பளச் சீட்டு ஒன்று. நண்பர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். டி.எல். என்று தொடங்கும் பி.எஃப். எண் முழுதாக அதில் இருந்தது. கடைசி இலக்கங்கள்தான் அந்த அம்மாளுடையவை. முன்பகுதி எல்லோருக்கும் பொது. ஒருவர் வைத்திருந்த சீட்டில் நாற்பது பேருடைய பாதி எண் கிடைத்துவிட்டது. எல்லோரும் கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டார்கள். மெஷின் பக்கம் தவிர வேறெதையும் படிக்காத சர்தார்ஜி, பேரனைக் கூப்பிட்டுத் தன் கையில் பேனாவால் எழுதச் சொன்னார்.

மீதிப் பாதிக்கு நண்பரும் அந்த அம்மாளும் அலைந்தார்கள். ஆவணத்தில் கணவரின் தந்தை பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. நம் ஊர்ப் பெயர்களை இங்கே எழுதுகிற விதம் நமக்குத் தெரியுமே, அதே நோய் பிகார்ப் பெயர்களுக்கும் உண்டு. திருத்தப் பிரமாண பத்திரம், இறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், பத்து-டி என்ற படிவம். நான் செய்ததெல்லாம் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததுதான். முப்பத்தைந்து வருடம் ஜாப் கார்டு எழுதிய கை. நான்கு மாதம் கழித்துப் பணம் வர ஆரம்பித்தது. கணவர் இறந்த நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்த்து வந்தது. அதில் பெண்ணின் நர்சிங் படிப்புக்கு ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். அவரைத் தவிர இன்னும் ஆறு பேர் விண்ணப்பித்தார்கள். மூவருக்கு வந்துவிட்டது. ஒருவருக்குச் சேவை ஒன்பது வருடத்துக்கும் குறைவு என்று தெரிந்து கை விரித்துவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகும் இந்த ஜனவரியில் கேரட் அல்வாவோடு வந்திருந்தார். இருவருடையது இன்னும் நடக்கிறது.

இப்போது கூட்டத்தின் வேலை மாறிவிட்டது. ஆஜர் எடுக்கிற மேற்பார்வையாளர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். விளையாட்டு வாரியாக எழுதி, கிடைத்தவர், இறந்தவர், தெரியாதவர் என்று மூன்று பத்தி. தெரியாதவர் பத்தியில்தான் இன்னும் அதிகப் பெயர்கள். அதில் இரண்டு தமிழ்ப் பெயர்களும் உண்டு. ஒருவர் சிற்றுண்டிப் பிரிவில் இருந்தவர், ஜங்க்புரா பக்கத்து மதராசி கேம்ப்பில் குடியிருந்தவர். அந்தக் கேம்ப்பை 2025 ஜூன் முதல் தேதி இடித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நரேலாவில் வீடு கொடுத்தார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். நண்பர் நரேலாவுக்கு ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர் இல்லை. இன்னொருவர் தண்ணீர்ப் பூங்கா ஆய்ஸ்டர்ஸில் பம்ப் ஆபரேட்டர். சேலம் பக்கம் என்பது மட்டும் தெரியும். இருவருக்கும் பத்து வருடத்துக்கு மேல் சேவை உண்டு என்று டிக்கெட் கவுண்டர் அம்மாள் அடித்துச் சொல்கிறார்.

நம் சங்கத்து அன்பர்கள் யாருக்காவது இவர்களையோ இவர்கள் குடும்பத்தையோ தெரிந்திருந்தால் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நண்பருக்குச் செய்தி வந்து சேரும். அப்பு கரில் வேலை பார்த்தவர்தான் என்றில்லை. மூடிப்போன எந்த ஆலையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்த தகப்பனாரின் டிரங்குப் பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், பழைய காகிதம் என்று அதைக் கபாடிக்காரரிடம் போடுமுன் உள்ளே சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஜனவரிக் கூட்டத்துக்கு டிக்கெட் கவுண்டர் அம்மாள் தன் சீட்டை லாமினேட் செய்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். லாமினேட் செய்தால் எழுத்து மங்கும், வெறும் உறையிலேயே இருக்கட்டும் என்று நண்பர் தடுத்துக்கொண்டிருக்கிறார்.